பாதி மாத்திரை

நூற்று முப்பத்தெட்டு. நூற்று நாற்பத்தொன்று. மறுபடி முப்பத்தெட்டு. கட்டிலின் தலைமாட்டில் மாட்டியிருந்த பெட்டியில் நாடியைக் காட்டும் பச்சை எண், வண்டியில் ஏற மறுக்கும் கன்றுபோல இந்தப் பக்கம் ஒரு தாவல் அந்தப் பக்கம் ஒரு தாவல் தாவிக்கொண்டிருந்தது, இறங்க மட்டும் மாட்டேன் என்றது. நாச்சிமுத்து அதைப் பார்க்கக் கூடாதென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பது. பெரிய டாக்டரம்மா பதினோரு மணிக்கு வருவார். இன்னும் எழுபது நிமிஷம். எழுபது நிமிஷத்தில் அவர் எத்தனை ஜோடிக் காளையை முடித்துக் கொடுத்திருப்பார், விற்கிறவனையும் வாங்குகிறவனையும் முறைத்துக்கொள்ள விட்டு, பிறகு இருவரையும் சிரிக்க வைத்து, ஒரே டீக்கடைக்கு அனுப்பியிருப்பார். இங்கே ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம். நான்தானுங்க மாத்திரையைக் கொறச்சேன். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அது தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் முள்ளுப் போலக் கிடக்கிறது. கட்டிலில் கிடந்த மனைவி துளசிமணியின் கழுத்தில் வியர்வை மறுபடி கோத்துக்கொண்டு நின்றது. தோள் துண்டால் ஒற்றினார். நாலு மாசத்துக்கு முன் மழித்த தலையில் முடி பொடிப்பொடியாக வளர்ந்திருந்தது, இடப்பக்கம் எலும்பை எடுத்த இடம் மட்டும் குழிந்து, அதன் மேல் தோல் மெல்ல ஏறி இறங்கியது. மூக்கில் குழாய். பல் நறநறவென்று கடித்தது. கண் திறந்திருந்தது, அகலமாக, அவரையே பார்ப்பதுபோல. பார்க்காதே துளசி. அப்படிப் பார்க்காதே. நூற்று நாற்பத்திரண்டு.

வேகத்தடை என்றுதான் சொன்னாள். ஏனுங்க, போனை வைங்க, முன்னால வேகத்தடை இருக்குது. பங்காளி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள், மொபெட்டில், நல்ல வெளிச்சம், மத்தியானம் மூன்று மணி, ரோட்டில் ஈ காக்கை இல்லை. காங்கேயம் ஜோடி ஒன்றைப் பேசி முடித்தவன் போனில் பின்வாங்கினான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். பேசி முடித்த பேச்சை எவன்டா வீட்டில் கேட்பான்? போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்தைக் கோணிக்கொண்டு, அவர் கத்திக்கொண்டிருந்தார். அவள் விலாவில் விரலால் இடித்தாள். ஏனுங்க. அவர் அவன்மேல் இருந்த கோபத்தை அப்படியே எடுத்துப் பின்னால் வீசினார். வாயை மூடு, யாவாரம் பேசறது தெரியல? அவள் வாயை மூடினாள். வண்டி தூக்கிப் போட்டது. திரும்பிப் பார்த்தபோது பின்சீட்டில் ஆள் இல்லை. இதில்தான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்ளும், செக்குமாடு ஒரே இடத்தில் கால் இடறுவது மாதிரி. வண்டி தூக்கிப் போட்டதற்கும் திரும்பிப் பார்த்ததற்கும் நடுவில், அவர் போனில் இன்னும் ஒரு வார்த்தை பேசினார். அது என்ன வார்த்தை என்றுகூட ஞாபகம் இருக்கிறது. 'நாளைக்குள்ள சொல்லு.' மேகலாவுக்குப் போன் விஷயம் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரே அழுது சொன்னார். மகள் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பத்து பேசி ஆறியிருப்பார். திட்டாதவர்களிடம் அவருக்கு எப்போதும் வழி தெரிந்ததில்லை. ஐம்பது நாள் கழித்து அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மாத்திரை டப்பாவை அவர் கையில் கொடுத்து, "இது உங்க பொறுப்புங்ப்பா, நான் வேலைக்குப் போயிருவேன்" என்றாள். அதுதான் அவள் கொடுத்த மன்னிப்பு என்று அவருக்குப் புரிந்தது. பதினொரு வயதில் பிறத்தியார் மாட்டுக்குச் சாணி அள்ளப் போனதிலிருந்து யாரும் அவரை நம்பி ஒன்றும் கொடுத்ததில்லை, எல்லாம் அவராகப் பிடுங்கிக்கொண்டதுதான். இது ஒன்றைத்தான் கையில் வைத்துக் கொடுத்தார்கள்.

நாடி ஓடுகிற ஓட்டத்தைத் தணிக்கிற மாத்திரை. டாக்டரம்மா பேர் ஜெசிந்தா, சின்ன உருவம், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அவர் விளக்கித்தான் சொன்னார். "மூளையில அடிபட்டதால, உடம்புக்குள்ள ஆபத்து மணி தானா அடிக்குதுங்க. ஒண்ணும் நடக்கலைன்னாலும் புலி துரத்தற மாதிரி உடம்பு ஓடும். நாடி எகிறும், வேர்க்கும், கை கால் விறைக்கும், காய்ச்சல் வரும். இந்த மாத்திரை அதைப் பிடிச்சு நிறுத்தும். மூணு வேளை. ஒரு வேளைகூட விடக்கூடாது. நீங்களா நிறுத்தவே கூடாது." சரியென்று தலையாட்டினார். இரண்டு மாசம் அம்மிக்குழவி மாதிரி உட்கார்ந்து பொடித்து, தண்ணீரில் கரைத்து, குழாயில் விட்டு, மேகலா ஒட்டி வைத்த தாளில் டிக் போட்டார். துளசியும் அமைதியாகத்தான் இருந்தாள். அந்த அமைதிதான் அவரைத் தின்றது. எந்நேரமும் தூக்கம். விரலில் மாட்டுகிற சின்னக் கருவியில் ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு. கை கால் சில்லென்று. விடிந்ததும் முதல் காரியமாக அவள் காதைத் தொட்டுப் பார்ப்பார், நாற்பது வருஷப் பழக்கம், காது சில்லிட்ட மாட்டை எந்தத் தரகனும் வாங்கச் சொல்ல மாட்டான், அது ராத்தாண்டாது. அவள் காது சில்லிட்டிருந்தது. போன் போட்டார். "டாக்டரம்மா, கொஞ்சம் கொறச்சுக்கலாமுங்களா? மூணை ரெண்டாக்குனா?" ஐம்பத்தாறு இருந்தால் பரவாயில்லை, இப்போதைக்கு இதுதான் வேணும் என்றார் டாக்டர். "சரிங்க, ரெண்டரையா வெச்சுக்கலாமுங்களா?" அந்தப் பக்கம் சிரித்துவிட்டார். "ஐயா, இது சந்தை இல்லீங்க." அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. சந்தையைப் பற்றி உனக்கு என்னம்மா தெரியும்? முதல் விலையை ஒப்புக்கொள்கிறவன் முட்டாள். யார் என்ன சொன்னாலும் அதில் பாதிதான் உண்மை, மீதிப் பாதி பேசிக் குறைக்கிறதுக்காக வைத்தது. மாடு, நிலம், வக்கீல், வைத்தியம், எதுவானாலும் சரி. அப்படித்தான் பிழைத்தார், அப்படித்தான் மகளைப் படிக்க வைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் சவர பிளேடை எடுத்து மாத்திரையை நடுவில் வைத்து அழுத்தினார். இரண்டாகப் பிளந்தது. தாளில் முழு டிக் போட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கண்ணைத் திறந்தாள். அந்த நிமிஷத்தை இப்போது நினைக்கவும் பயமாக இருக்கிறது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. முகத்தில் ரத்தம் ஓடியது. காது சூடாயிற்று. நாலு மாசமாக மண்பாண்டம் மாதிரி இருந்த முகத்தில் உயிர் வந்து உட்கார்ந்தது. துளசி, துளசி என்று கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். கையைப் பிடித்தார். அவள் பிடித்தாள். பிடித்தாள் என்றுதான் நினைத்தார், ஐந்து விரலும் அவர் கையை இறுக்கின, எலும்பு வலிக்கிற மாதிரி. ஊரில் எவனுக்கும் அது விறைப்பு. அவருக்கு அது பேச்சு. புளியம்பட்டிச் சந்தையில் நாற்பது வருஷமாக வாயால் விலை சொன்னவர் இல்லை அவர், துண்டைக் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்து, இத்தனைக்குத் தருகிறாயா, இத்தனைக்கு வருகிறாயா, மேலே பார்க்கிறவனுக்கு இரண்டு பேர் சும்மா நிற்பது மாதிரி இருக்கும், கீழே விரலும் விரலும் சண்டை போடும். கடைசியில் ஐந்து விரலையும் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. அதற்கப்புறம் எவனும் பேச்சு மாறக் கூடாது. துளசியின் விரல்கள் ஐந்தும் சேர்ந்து அழுத்தின. அவர் அழுதார். போனை வெச்சிருக்கணும் துளசி, தப்பு எம்மேலதான், உன்னை வாயை மூடச் சொன்ன வாய் புழுத்துப் போகட்டும், மன்னிச்சுக்கோ, மன்னிச்சேன்னா ஒரு அழுத்து அழுத்து. அழுத்தினாள். இன்னொரு தடவை கேட்டார். அழுத்தினாள். எத்தனை தடவை கேட்டாலும் அழுத்தினாள், அதுகூட அவருக்குச் சந்தேகத்தைத் தரவில்லையே. கேட்காத நேரத்திலும் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். பல்லைக் கடித்தாள், கோபம் என்று நினைத்தார், சந்தோஷப்பட்டார். திட்டு துளசி, திட்டு. வேர்த்தது, உடம்பு வேலை செய்கிறது என்று விசிறினார். பாதிக்கே இவ்வளவு என்றால் என்று ஒரு எண்ணம் வந்தது. திங்கட்கிழமை அந்தப் பாதியையும் குழாயில் விடவில்லை. அன்றும் மூன்று டிக். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் பேசாததையெல்லாம் பேசினார். அவள் உடம்பு உள்ளே தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. இவர் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்.

நூற்று முப்பத்தாறு. இறங்குகிறதா? நூற்று முப்பத்தொன்பது. இல்லை. நேற்று மேகலா வேலை முடிந்து வந்து அம்மாவைத் தொட்டதும் கையை உதறினாள், அவ்வளவு சூடு. நாடி நூற்று அறுபத்தைந்து, முதுகு வில்லாக வளைந்து, கை இரண்டும் முறுக்கிக்கொண்டு. ஆம்புலன்ஸ். இங்கே வந்ததும் டியூட்டியில் இருந்த சின்னப் பையன் டாக்டர் கேட்டான், எழுதிக்கொண்டே, நிமிராமல், "மாத்திரை எல்லாம் ஒழுங்கா குடுத்தீங்களா?" அவர் வாயைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார். மேகலா முந்திக்கொண்டாள். "எங்கப்பாதானுங்க குடுக்கறாரு. ஒரு வேளை தவறுனதில்ல. டிக் போட்ட தாள்கூட இருக்குது." கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள், அவன் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டான். அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையின் மேல் எப்படிச் சாணியைக் கரைத்து ஊற்றுவது? வாயை மூடிக்கொண்டார். ஊசி போட்டார்கள், காய்ச்சல் கொஞ்சம் அடங்கியது. விடிகாலையில் அந்தப் பையன் மறுபடி வந்தான். "முழு மாத்திரை போயும் இப்படி எகிறுதுன்னா, மாத்திரை கேக்கலைன்னு அர்த்தம். இல்லைன்னா மண்டைக்குள்ள நீர் கோத்திருக்கும். மேடம் வந்து பார்க்கட்டும். டோஸை டபுள் பண்ணணும், ஸ்கேன் எடுக்கணும், தேவைப்பட்டா மறுபடி திறந்து குழாய் வைக்க வேண்டி வரும்." மறுபடி திறந்து. அந்தக் குழிக்குள் மறுபடி. ஒன்றுமே இல்லாத இடத்தில் கத்தியை வைப்பார்கள், அவர் சொல்லாததற்காக. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, டேய் நாச்சி, சொல்லித் தொலைடா என்று தனக்குத் தானே சொன்னார். பிறகு லிஃப்ட்காரனிடம் போய் எதற்கோ சண்டை போட்டுவிட்டு வந்தார். பயம் வரும்போதெல்லாம் யாரிடமாவது கத்த வேண்டும் அவருக்கு.

மேகலா இட்லிப் பொட்டலத்தோடு வந்தாள். "சாப்பிடுங்ப்பா. நேத்து மத்தியானத்துல இருந்து பட்டினி." "எனக்கொண்ணும் வேண்டாங் கண்ணு." "உங்களுக்கும் ஒரு குழாயைச் சொருகச் சொல்லட்டுமா? பக்கத்துலயே பெட் காலியாத்தான் இருக்குது." சிரிக்க வைக்கப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள், சட்னியைப் பிழிந்தாள், ஒரு விள்ளலைத் தானே பிய்த்து நீட்டினாள், துளசி செய்கிற மாதிரியே. அவர் வாங்கி மென்றார். இப்போது சொல்லலாம். டாக்டர் வருவதற்கு முன் இவளிடம் தனியாகச் சொல்லிவிட்டால், இவளே எப்படியாவது பதமாக எடுத்துச் சொல்வாள், படித்தவள். அம்மிணி, நான் ஒரு காரியம் பண்ணீட்டன். அவள் அம்மாவின் முறுக்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டே, "ஏப்பா, அம்மா கண்ணு முழிச்சிருக்கறதைப் பாத்தா நம்மளைப் பாக்கற மாதிரியே இல்லீங்களா?" என்றாள். ஆமாங் கண்ணு, என்றார். ஆமாம் என்று எதற்குச் சொன்னார்? அந்தப் பார்வையை அவளுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்றா? இல்லை, இரண்டு பேர் நம்பினால் அது நிஜமாகிவிடும் என்றா? சொல்லிவிட்டால் மாத்திரையோடு போகாது. அந்தக் கண் போய்விடும். அந்த அழுத்து போய்விடும். மூன்று நாளாக அவருக்குக் கிடைத்த மன்னிப்பு, வாழ்க்கையில் அவர் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் நாக்கு விடமாட்டேன் என்கிறது. அறிவு கெட்டவனே, உனக்குப் பயம் டாக்டரிடம் இல்லை, மகளிடம்கூட இல்லை.

பதினொன்று ஐந்துக்கு டாக்டர் ஜெசிந்தா வந்தார். பின்னால் அந்தப் பையன், ஒரு சிஸ்டர். பெட்டியைப் பார்த்தார், கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்தார், முழங்கையை மடக்கிப் பார்த்தார், தாளை வாங்கி டிக்குகளைப் பார்த்தார். "முழு டோஸ் போயிருக்கு" என்று பையனிடம் சொன்னார், "அப்ப ஸ்கேனுக்கு அனுப்பிரலாம். நியூரோ சர்ஜனுக்கும் சொல்லிருங்க." பேனா எழுத ஆரம்பித்தது. நாச்சிமுத்துவின் மடியிலிருந்து பொட்டலம் கீழே விழுந்தது, எழுந்து நின்றிருக்கிறார். "டாக்டரம்மா, ஒரு வேளை விட்டுப்போச்சுங்க." எல்லோரும் திரும்பினார்கள். "எப்ப?" "நேத்துங்க. காத்தால." சொன்ன கணமே தெரிந்தது, குறைத்துச் சொல்கிறோம். தப்புக்கும் பேரம். ஒன்றில் ஆரம்பித்திருக்கிறோம். ஒன்றிலேயே படிந்துவிடும் என்று உள்ளே இருக்கிற தரகன் காத்திருந்தான். டாக்டர் யோசித்தார். "ஒரு வேளைக்கு இவ்வளவு எகிறாதுங்க. பரவால்ல, ஸ்கேன் எடுத்துரலாம்." பேனா மறுபடி நகர்ந்தது. பரவாயில்லையாம். படிந்துவிட்டது. மகள் அவரைப் பார்த்து, ஒரு வேளைதானுங்களே, விடுங்ப்பா என்கிற மாதிரித் தலையசைத்தாள். அவ்வளவு மலிவாக முடிந்த பேச்சை அவர் தன் ஆயுசில் பார்த்ததில்லை. "ஒண்ணு இல்லீங்க" என்று கத்தினார். வார்டே நிமிர்ந்தது. "வெள்ளிக்கெழமையில இருந்துங்க. பாதிப்பாதி. பிளேடுல நறுக்குனேன். முந்தாநேத்துல இருந்து அதுவுங் குடுக்கல. தெரிஞ்சேதானுங்க. டிக் அத்தனையும் பொய்." பேனா நின்றது. மேகலாவின் கை அம்மாவின் விரலில் இருந்தபடியே நின்றது. அவள் பக்கம் அவர் திரும்பவில்லை.

டாக்டர் திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். டாக்டரோ எழுதிய தாளைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "ஏனுங்க?" என்று மட்டும் கேட்டார், தணிந்த குரலில். "காது சில்லுனு இருந்துச்சுங்க. அப்பறம்… கண்ணைத் தொறந்தாளுங்க. என்னைப் பாத்தாளுங்க. கையைப் பிடிச்சாளுங்க." "அது அவங்க உங்களைப் பார்த்தது இல்லீங்க, ஐயா. உடம்பு பயந்து முழிச்சது. பிடிச்சதும் அப்படித்தான்." தெரியும் என்று தலையாட்டினார். நேற்று ஆம்புலன்ஸிலேயே தெரியும். இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. கத்தி கிடையாது, இரட்டை டோஸ் கிடையாது, பழைய அளவிலேயே முழுசாக ஆரம்பிப்போம், நாளைக்குக் காலை வரை பார்த்துவிட்டு அப்புறம் ஸ்கேனைப் பற்றிப் பேசலாம் என்று சிஸ்டரிடம் சொன்னார் டாக்டர். போகும்போது, "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். அது பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை.

மாத்திரையை மேகலா பொடித்தாள். சிஸ்டர் குழாயைத் தூக்கிப் பிடிக்க, அவளே ஊற்றினாள், அடியில் ஒட்டிய வெள்ளையையும் தண்ணீர் விட்டு அலசி ஊற்றினாள். அவர் கையை நீட்டினார், டம்ளரையாவது பிடிக்க. "நீங்க உக்காருங்க" என்றாள். அப்பா என்று சேர்க்கவில்லை. "இனி நான் பாத்துக்கறேன்." கீழே சிதறிய இட்லியைக் குனிந்து பொறுக்கித் தாளில் சுருட்டிக்கொண்டு வெளியே போனாள். வெகுநேரம் வரவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, துளசியின் விரல்களுக்குள் தன் கையைக் கொடுத்து, பெட்டியைப் பார்த்தார், இம்முறை கண்ணை எடுக்காமல். நூற்று முப்பத்திரண்டு. நூற்று இருபத்தேழு. வராந்தாவில் சாப்பாட்டு வண்டி போகிற சத்தம் கேட்டது. நூற்றுப் பதினான்கு. பல் கடிப்பது நின்றது. கழுத்து வியர்வை காய்ந்தது. நூற்று இரண்டு. துளசி, போகிறாயா? தொண்ணூற்றாறு. அவர் கையை இறுக்கியிருந்த விரல்கள் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இமை பாதி இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. கடைசிக் கீற்று வெள்ளை மட்டும் தெரிந்தபோது ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். இம்முறை அவளிடம் எதையும் கேட்கவில்லை. கண் மூடிக்கொண்டது. எண்பத்தெட்டு. சில்லிட ஆரம்பித்திருந்த அந்தக் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தார்.